வரியின் கடைசி வார்த்தை

ஜனவரி 9

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்கிறது அப்புறம். அன்னைக்குக் கார் வந்து நின்னப்போ நம்ம வாசல்ல யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதி வச்சுடறேன். நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது. என் மூத்த பையன் இருந்தான். அவன் பொண்டாட்டி, காரை விட்டு இறங்காமலே இருந்தா. டிரைவர் இருந்தான், பல்லைக் குத்திக்கிட்டு. பக்கத்து வீட்டுத் தையல்காரி கழுத்துல டேப்பைத் தொங்கப் போட்டுக்கிட்டு வேலியோரம் நின்னா. பின்கதவு சரி பண்ண வந்த தச்சர் உளியைக் கீழே வைக்காம வேடிக்கை பார்த்தாரு. நான் இருந்தேன். கடைசியா நீ.

பையன் சொன்னது: "ரெண்டே வாரம்மா. பாடி முடிச்சதும் கொண்டாந்து விட்டுடறேன்." மருமக சொன்னது: "லேட்டாகுது." தையல்காரி சொன்னது: "போங்கக்கா, யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்!" தச்சர் சிரிச்சதோட சரி. நான் கார்ல ஒரு காலை வச்சுக்கிட்டு "அப்ப நான் போயிட்டு"ன்னு நிறுத்தினேன். பழக்கதோஷம். நீ "வா"ன்னு முடிச்ச.

அவ்வளவுதான் நடந்தது. எனக்கு எதுவும் மறக்காது, உனக்கே தெரியும்.

இங்கே என் உடம்புக்கு ஒண்ணுமில்லை, முழங்காலைத் தவிர. உன் காது வலி எப்படி இருக்கு? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிற, அதனால எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், மூணாவதோட நிறுத்தினவ கையெழுத்து இதுதான்.

வீடு ரொம்ப உசரத்துல இருக்கு. லிஃப்ட்டுக்கு ஒரு கார்டு வேணும், அது பையன் சட்டைப்பையில இருக்கு. ஜன்னல் திறக்காத ஜன்னல். பாடறதுக்குன்னு ஒரு அறையை அடைச்சு வச்சிருக்காங்க, சுவர் பூரா கறுப்பு ஸ்பாஞ்சு. அதுக்குள்ள கை தட்டினா, தட்டின இடத்துலேயே சத்தம் செத்துப் போகுதுடி. நான் ஒரு தடவை சும்மா உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் என் வாயை விட்டுத் தாண்டலை.

பதிவு பண்றவரு காதுல பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பாரு, அதனால நான் அவரை ஹெட்போன்காரர்னுதான் சொல்றது. முதல் நாள் தாலாட்டுப் பாடினேன். ரெண்டு வரிக்கு மேல போகலை, நிறுத்திட்டாரு. "அம்மா, வரி முடியவே இல்லையே?" "முடியாது. முடிக்கிறது என் தங்கச்சி." "சரி, இன்னைக்கு நீங்களே முடிச்சுடுங்க." அப்பத்தான் வாயைத் திறந்துக்கிட்டு நின்னேன் பாரு, தூண்டில்ல மாட்டின மீன் மாதிரி.

எனக்கு அந்த வார்த்தைங்க தெரியலை சின்னவளே. நான் ஒரு நாளும் பாடினதில்லையே! வரி முழுக்க நான், கடைசி வார்த்தை நீ. நீ பாடறப்ப நான் மூச்சு வாங்குவேன். "காத்தே நீ மெல்ல வீசு, கதவே நீ மெல்ல"ன்னு நான் விட்டா, நீ ஒண்ணு சொல்லுவ. என்ன சொல்லுவ? எல்லாப் பாட்டுக்கும் எழுதி அனுப்பு. பாடி முடிச்சாத்தான் நான் வீட்டுக்கு வர முடியும்.

இப்படிக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா.


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமா இரு.

தாலாட்டுக்கு: மெல்லச் சாத்து. அடுத்த வரிக்கு: கிட்ட வா. அதுக்கடுத்தது: விடியட்டும். கடைசி வரியை மட்டும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவோம், அது உனக்கே தெரியும்.

தச்சர் கதவை முடிச்சுட்டார். இப்ப ஒரு விரல்ல தள்ளினாலே திறக்குது. முன் அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சேன்.

காது பரவாயில்லை.

தங்கச்சி.


பிப்ரவரி 8

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்ததுல இருந்து தலைவலி. ஒரே ஒரு பாட்டுக்கா பதில்? பிச்சைக்காரனுக்குச் சில்லறை போடற மாதிரி மூணு வார்த்தை. என்னைக் கேட்காம சுண்ணாம்பு வேற அடிச்சிருக்க. என்ன நிறம்னாவது எழுதக் கூடாதா?

தாலாட்டை முடிச்சாச்சு. "மெல்லச் சாத்து"ன்னு நானே பாடினேன். செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு நடந்த மாதிரி இருந்தது. மூச்சு எங்கே வாங்கறதுன்னே தெரியலை. ஹெட்போன்காரர், "அம்மா, துண்டு துண்டா வெட்டி ஒட்டிக்கலாம், கவலைப்படாதீங்க"ன்னாரு. பாட்டை வெட்டி ஒட்டறாங்கடி இங்கே, தையல்காரி ஜாக்கெட் தைக்கிற மாதிரி.

ரெண்டு வாரம் எப்பவோ போயிடுச்சு. பையன் ஆபீசுக்கு நீண்ட லீவு போட்டுட்டான். அங்கே எல்லாரும் சிரிச்சாங்களாம், "அம்மாவை வச்சு ஆல்பம் போடறானாம்"னு. அதனால ரோஷம். இந்த ஆல்பம் வெளியே வரலைன்னா அவன் அந்த ஆபீஸ் வாசல்படி மிதிக்க முடியாது. பேரு கூட வச்சுட்டான்: தனிக்குரல். எனக்குப் பிடிக்கலைன்னேன். "அம்மா, உங்களுக்குத் தொண்டை கட்டிடும், பேசாதீங்க"ன்னுட்டான்.

பேசக் கூடாதாம். மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணி கூடாது. பால்கனி கூடாது, தூசி. மருமக என் முன்னால தட்டை வச்சுட்டு, கையால மட்டும் 'சாப்பிடுங்க'ங்கறா. பேத்தி கூட விரலை உதட்டுல வச்சு "ஷ்"ங்குது. கிளியைக் கூண்டுல போட்டா பேசத்தான் சொல்லிக் கொடுப்பாங்க. இங்கே அதுவும் இல்லை.

என்னை இங்கே கொண்டு வர யோசனை சொன்னது யாருன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். முதல்ல தையல்காரின்னு நெனச்சேன். இப்ப மருமக மேலதான் சந்தேகம். அன்னைக்கு இறங்காம உட்கார்ந்திருந்தாளே, அது முன்னாடியே முடிவு பண்ணினவ உட்கார்ற உட்கார்தல்.

கல் சுமக்கிற பாட்டு, கல்யாணக் கேலிப் பாட்டு, அம்மாவுக்குப் பாடின ஒப்பாரி, இந்த மூணும் பாக்கி. சீக்கிரம் எழுது. என் கட்டிலைத் தினம் தட்டிப் போடு, பூச்சி வந்துடும்.

அக்கா.


மார்ச் 14

அக்காவுக்கு,

சௌக்கியம். முழங்காலுக்குத் துணியைச் சுட வச்சு ஒத்தடம் கொடு.

சுண்ணாம்பு மஞ்சள் நிறம்.

கல் சுமக்கிற பாட்டுக்கு: "ஏணி மேல ஏணி வச்சு ஏறினோமே" வரிக்கு, மேஸ்திரி. "ஏறிக் கட்டின வீட்டுக்குள்ள எங்களுக்கு ஏது" வரிக்கு, இடம். மத்தது எல்லாம் அதே ரெண்டும் மாறி மாறி வரும்.

கேலிப் பாட்டும் ஒப்பாரியும் நினைவுக்கு வரலை.

தையல்காரி கடையில பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற வேலைக்குப் போறேன். அங்கே ரேடியோ இருக்கு, ஆனா யாரும் பாட மாட்டாங்க. உன் கட்டிலைப் பின் அறைக்கு நகர்த்தினேன், முன் அறையில வெளிச்சம் வேணும், கண்ணு தெரியலை.

தங்கச்சி.


மார்ச் 20

சின்னவளுக்கு,

நினைவுக்கு வரலையா? யாருகிட்ட சொல்ற? சாப்பாட்டுல உப்பு குறைஞ்சதை மூணு தலைமுறைக்கு நினைவு வச்சிருக்கிற குடும்பம் நம்மளது.

கடைத்தெரு மளிகைக்காரர் வீட்டுக் கல்யாணத்துல அந்தக் கேலிப் பாட்டைப் பாடினோம். நீ பச்சைப் பாவாடை, அதுல நான் ஒட்டுப்போட்ட இடம் தெரியாம இருக்கக் கையால மூடிக்கிட்டே நின்ன. மாப்பிள்ளையோட மாமன் குடிச்சிருந்தான். டிரம் அடிக்கிறவருக்கு விக்கல். "மாப்பிள்ளை மீசைக்குள்ள மாட்டிக்கிட்டது"ன்னு நான் விட்டேன், நீ முடிச்ச, கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுது. கல்யாணப் பொண்ணே சிரிச்சா. நான் அப்ப ஒரு புருவத்தைத் தூக்குவேன், அதுக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு அடுத்த கல்யாணத்துல இன்னும் உசரத் தூக்கினேன்.

நேத்து பையன் எங்கிருந்தோ அந்தக் காலத்து கேசட் ஒண்ணு தேடிக் கொண்டு வந்தான். நாம பாடினதேதான். கேட்டேன். என் குரல் கணீர்னு இருக்கு. வரி முடியற இடத்துல தூரத்துல ஏதோ முணுமுணுப்பு, அப்புறம் சிரிப்பு. மைக்கு எனக்கு முன்னாடி மட்டும் இருந்திருக்கு. உன் குரல் ஒரு வார்த்தை கூட விழலை, உனக்குச் சிரிச்சவங்க சத்தம் மட்டும் விழுந்திருக்கு. ஹெட்போன்காரர் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாரு. "இந்த இடத்துல அவங்க என்னதான்மா பாடினாங்க? இப்படிச் சிரிக்கிறாங்களே!"ன்னாரு.

நானும் கேட்கிறேன். என்ன பாடின?

பையன் யாரோ ஒரு பாட்டெழுதறவரைக் கூப்பிட்டு நிரப்பிடலாங்கிறான். வந்தாரு. மீசைக்குள்ள மாட்டிக்கிட்டது "நிலவு"ங்கறாரு! உங்க வீட்டு நிலவு மீசைக்குள்ள மாட்டுமாய்யான்னு கேட்டேன், டீயைக் குடிக்காமலே போயிட்டாரு.

கட்டிலை யாரைக் கேட்டு நகர்த்தின? முன் அறைக்கே இழுத்துப் போடு.

அக்கா.


ஏப்ரல் 25

சின்னவளுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் தொலைச்சுட்டாரா, நீ எழுதலையா?

போன வாரம் பையன் உன்னைக் கூட்டிட்டு வரேன்னு கிளம்பினான். நானும் வரேன்னேன். "அலைச்சல்ல குரல் போயிடும்மா"ன்னுட்டான். குரல் போயிடும், குரல் போயிடும். குரலுக்குக் காவல் வச்சிருக்காங்க, நான் அதுக்குத் துணைக்கு இருக்கிற கிழவி.

திரும்பித் தனியாத்தான் வந்தான். முகத்தைக் காட்டாம செருப்பைக் கழட்டினான். "சித்தி தையல் வேலையில இருக்காங்க, வர முடியாதாம்"னான். அவ்வளவுதானா அவ சொன்னான்னு கேட்டா, "கழுத்துக்குத் துணியைச் சுத்திக்கோங்க"ங்கறான். எதையோ முழுங்கிட்டு வந்திருக்கான். சின்ன வயசுல சில்லறையை முழுங்கின அன்னைக்கும் இதே முகம்தான்.

மறுநாள் மருமக குளிக்கப் போனதும் கார்டை எடுத்துக்கிட்டுக் கீழே இறங்கிட்டேன். கேட்டு வரைக்கும் வந்தாச்சு. வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார வச்சாரு. "எந்தப் பக்கம் போகணும் பாட்டி?"ன்னு மரியாதையாக் கேட்டாரு. நான் நம்ம தெருவைச் சொன்னேன். "அதுக்குப் பஸ் எது?"ன்னாரு. எனக்குத் தெரியலைடி. கார்ல கண்ணாடி ஏத்தி விட்டுத்தானே கூட்டிட்டு வந்தாங்க! அவர் மேலே போன் போட்டுட்டாரு. நல்ல மனுஷன். அவரையும் மன்னிக்கப் போறதில்லை.

நீ அந்த ரெண்டு பாட்டுக்கு வார்த்தை அனுப்பு. அனுப்பினா இது முடியும். முடிஞ்சா நான் வரலாம். உன் கையிலதான் இருக்கு.

அக்கா.


மே 30

அக்காவுக்கு,

சௌக்கியமா இருக்கியான்னு கேட்டுட்டுத்தான் மத்ததை எழுதணும். இருக்கியா?

என் காதுல வலி இல்லை. என்னைக்கும் இருந்ததில்லை. போன்ல நீ மூச்சே விடாம பேசற, நான் "ம்" சொல்ல மட்டும்தான் இடம் இருக்கு. அதான் எடுக்கலை.

வார்த்தைங்க நினைவு இருக்கு. எல்லாமே இருக்கு. கேலிப் பாட்டுக்குச் சரியான வார்த்தை "சீப்பு". மீசைக்குள்ள மாட்டிக்கிட்டது சீப்பு. ஆனா நான் அதை ஒரு கல்யாணத்துல கூடப் பாடலை. "எங்கக்கா மூக்கு"ன்னு பாடினேன். ஒவ்வொரு கல்யாணத்துலயும். உன் மூக்கு எவ்வளவு நீளம்னு ஊருக்கே தெரியும், அதான் சிரிச்சாங்க. நீ புருவத்தைத் தூக்கத் தூக்க இன்னும் சிரிச்சாங்க.

முதல் தடவை விளையாட்டாத்தான் பாடினேன். நீ திரும்பிப் பார்த்து என் தொடையில கிள்ளுவேன்னு நெனச்சேன். நீ கேட்கவே இல்லை, மூச்சு வாங்கிக்கிட்டு இருந்த. அப்புறம் மத்த பாட்டையும் மாத்திப் பாடினேன். "பசிக்குது"ன்னு பாடியிருக்கேன். "கால் வலிக்குது"ன்னு பாடியிருக்கேன். என்னைப் பொண்ணு பார்க்க வந்த மின்சாரக்காரரை நீ "கச்சேரி இருக்கு, அப்புறம் பார்க்கலாம்"னு திருப்பி அனுப்பின அன்னைக்கு, மேடையில வரிக்கு வரி "போதும், போதும்"னுதான் முடிச்சேன். கூட்டத்துக்கு எல்லாம் விழுந்தது. உனக்கு மட்டும் விழலை.

அம்மாவோட ஒப்பாரியில, "பெத்த வயித்துக்குப் பேர் சொல்ல" வரிக்கு முடிவு "நானிருக்கேன்". நான் "நாங்க ரெண்டு பேர்"னு பாடினேன். அந்த வீட்டுல இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்து அழுதாங்க. நீ உன் குரலுக்குன்னு நெனச்சு இன்னும் உரக்கப் பாடின.

இன்னொண்ணு. உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி உன் பையனுக்குச் சொன்னது தையல்காரி இல்லை, உன் மருமக இல்லை. நான். ஆல்பம் போடணும்னு அவனுக்கு ஆசை இருந்தது உண்மை. ரெண்டு வாரம்னு அவன் சொன்னதும் அவனுக்கு உண்மைதான். திருப்பிக் கொண்டு வந்து விடாதேன்னு சொன்னது நான். நீ கார்ல ஏறினப்புறம் ஜன்னல் வழியா அவன்கிட்ட சொன்னேன், நீ டிரைவரைத் திட்டிக்கிட்டு இருந்த. அவன் இங்கே வந்தப்பவும் அதையேதான் சொல்லி அனுப்பினேன்.

வீடு உன்னோடதும்தான். நீ வந்தா நான் கதவைச் சாத்த முடியாது. அதனால வராதேன்னு கேட்டுக்கறேன். இங்கே இப்ப சத்தமே இல்லைக்கா. காலையில எழுந்து ஒரு பேச்சை நானே ஆரம்பிச்சு நானே முடிக்கிறேன். அது எப்படி இருக்குன்னு உனக்குச் சொன்னாப் புரியாது.

வார்த்தை எல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கேன். நல்லாப் பாடு.

தங்கச்சி.


ஜூலை 18

சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா இருப்ப, மஞ்சள் சுவருக்கு நடுவுல.

உன் கடிதத்தை உடனே படிச்சேன். உடனே பதில் எழுதலை, கை வரலை. தொண்டை கட்டிடுச்சு வேற. நிஜமாவே. பையன் பயந்துட்டான். ஒரு வாரம் ஒரு சொல் பேசலை, யாரும் "ஷ்" சொல்ல வேண்டியிருக்கலை.

முதல்ல மின்சாரக்காரர் கணக்கை முடிச்சுடறேன். அவன் நம்ம வீட்டுக்கு வந்ததும் ரேடியோவை நிறுத்திட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சான். பாட்டை நிறுத்திட்டுப் பேசறவன்கூட நீ என்ன வாழ்ந்திருப்ப? திருப்பி அனுப்பினது சரிதான். இன்னொரு தடவை வந்தாலும் அனுப்புவேன்.

ஆல்பம் முடிஞ்சுது. கேலிப் பாட்டை "சீப்பு"ன்னு பாடினேன், யாரும் சிரிக்கலை. ஹெட்போன்காரர் கொட்டாவி விட்டாரு. "நில்லுங்க"ன்னு மறுபடி ஆரம்பிச்சு, "எங்கக்கா மூக்கு"ன்னு முடிச்சேன். அந்த மனுஷன் ஹெட்போனைக் கழட்டிட்டுச் சிரிச்சாரு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தமே கேட்காம. அதுதான் இருக்கட்டும்னேன். அக்காவே "எங்கக்கா"ன்னு பாடறதான்னு பையன் கேட்டான். பாடறது யாருன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்னுட்டேன்.

ஒப்பாரியைக் கடைசியா வச்சாங்க. எல்லா வரியையும் நானே முடிச்சேன், நீ எழுதின மாதிரியே. "பெத்த வயித்துக்குப் பேர் சொல்ல"ன்னு வந்தப்போ வாயை மூடிக்கிட்டேன். மூச்சு வாங்கலை. அடக்கிக்கிட்டுக் கேட்டேன். இத்தனை வருஷத்துல அந்த இடத்தை நான் காது கொடுத்துக் கேட்டது அப்பத்தான். அந்த ஸ்பாஞ்சு அறையில என்ன கேட்கும்? என் நெஞ்சு அடிக்கிறது கேட்டது. வேற ஒண்ணும் இல்லை.

"அம்மா, அந்த வார்த்தை?"ன்னாரு. "அது அவளோடது. காலியா விடுங்க. ஒட்டக் கூடாது, நிரப்பக் கூடாது"ன்னேன். பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அட்டையில "தனிக்குரல்"னு போடறதா இருந்தா பாடினதை எல்லாம் அழிச்சுடுன்னேன். இப்ப வேற பேரு. பாடினவங்க இடத்துல ரெண்டு பேர் போட்டிருக்கு. "சித்தி இதுல எங்கேம்மா பாடியிருக்காங்க?"ன்னான். "எங்க அம்மா வயித்துல எத்தனை பேர் பொறந்தோம்?"னு கேட்டேன்.

நாலு நாள் முன்னாடி அவன் லிஃப்ட் கார்டைக் கொண்டு வந்து என் உள்ளங்கையில வச்சான். "இனிமே எங்கே வேணும்னாலும் போகலாம்மா. குளிர்ந்த தண்ணி கூடக் குடிக்கலாம்." மறுநாளே கீழே போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விட்டாரு. பஸ் எதுன்னு கூட விசாரிச்சு வச்சிருந்தாரு, பாவம். நான் கேட்டுக்குள்ளேயே அவர் நாற்காலியில உட்கார்ந்துட்டு, மேலே ஏறி வந்துட்டேன். அதுக்கப்புறம் இறங்கலை. கார்டு இப்ப என் தலையணைக்கடியில இருக்கு. ஜன்னல் மட்டும் அதே திறக்காத ஜன்னல்.

இப்ப அன்னைக்கு வாசல்ல இருந்தவங்க கதைக்கு வரேன். டிரைவர், பாவம், வேலைக்கு வந்தவன், விட்டாச்சு. தச்சர் சிரிச்சதுக்கு விட்டாச்சு. அவரு செஞ்ச கதவு ஒரு விரல்ல திறக்குதுன்னு எழுதியிருந்த, அது நல்லாயிருக்கட்டும். தையல்காரிக்கு நான் மனசுக்குள்ள விட்ட சாபத்தை எல்லாம் திருப்பி வாங்கிட்டேன். மருமக இறங்காததுக்கு இடுப்பு வலிதான் காரணமாம், இப்பத்தான் சொன்னா. போனாப் போகுது. பையன் உனக்கும் எனக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழுங்கினான், பெத்தவளுக்குத் தெரியாதா? அன்னைக்கு அங்கே இல்லாத வாட்ச்மேனையும் விட்டாச்சு.

மூக்கைச் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்லை. "போதும், போதும்"னதுக்கும் இல்லை. வராதேன்னு சொன்னதுக்குக் கூட இல்லை. சொல்றவளுக்கு ஒரு நியாயம் இருக்கும். ஆனா அன்னைக்கு நான் ஒரு காலைக் கார்ல வச்சுக்கிட்டு "போயிட்டு"ன்னு நிறுத்தினேனே, ஆயுசு பூரா அவ்வளவு வார்த்தையை மாத்தி மாத்திப் பாடினவ, அந்த ஒரு இடத்துல மட்டும் ஏன்டி மாத்தலை? நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்ன ஒரே நேரம் அதுதான். எனக்கு நல்லாக் கேட்டது. "வா"ன்ன.

நான் வரலை. பயப்படாதே. கட்டில் பின் அறையிலேயே இருக்கட்டும்.

இந்தக் கடைசி வரியை மட்டும் உனக்கு விடப் போறதில்லை, நானே முடிச்சுடறேன். அன்னைக்கு இருந்தவங்கள்ல நான் மன்னிக்காத ஒரே ஆள், என் தங்கச்சி.